மலையேறப் போகும் டாக்டர்கள்: வாசகர் கேள்வி பதில்

மருத்துவர்களுக்கான வெளிநாட்டு நடைப்பயணங்களைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு மீதிக்குப் பதில் எழுதுகிறேன்.

நான் பொது மருத்துவர். “எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடை, வழியெல்லாம் பயண மருத்துவ வகுப்பு, ஷெர்பா பண்பாடு, கடைசியில் சான்றிதழ்” என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. பணம் கொஞ்சநஞ்சமில்லை. இது படிப்பா, ஊர் சுற்றலா? போனால் என்ன மாத்திரை போட்டுக்கொள்வது?
– டாக்டர், திண்டுக்கல்

இரண்டாகவும் இருக்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்காதீர்கள், “ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டரில் தூங்குகிறோம்?” என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை உடனே அனுப்பினால் நடத்துபவருக்கு விஷயம் தெரியும். “அதெல்லாம் கைடு பார்த்துக்கொள்வார்” என்று பதில் வந்தால் அவர்கள் எடுக்கப்போகும் வகுப்பின் லட்சணம் அப்போதே தெரிந்துவிடும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், உயர்மலை மருத்துவத்தில் முதல் பாடமே அந்தப் பட்டியல்தான். ஆக்சிஜன் குறைந்த உயரத்துக்கு உடம்பு பழகுவதற்குள் ஏறினால் வருவதுதான் உயர்மலை நோய். 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, கணக்கில் வருவது படுக்கைதான். நம் ஊர் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. இந்த நடை தொடங்கும் லுக்லாவில் விமானம் இறங்கும் ஓடுபாதையே ஏறக்குறைய 2,850 மீட்டரில் இருக்கிறது. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன் என்று சிலர் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். முழங்காலுக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் ஆக்சிஜன் குறைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நன்றாக ஓடியாடும் இளவட்டங்கள்தான் வேகமாக ஏறி முதலில் படுத்துக்கொள்கிறார்கள்.

ஒழுங்கான பட்டியல் இப்படி இருக்கும்: லுக்லாவில் இறங்கி, கீழே நடந்து பாக்டிங்கில் 2,610 மீட்டரில் முதல் ராத்திரி. அப்புறம் நாம்சே பஜார், 3,440, அங்கே இரண்டு ராத்திரி. தெங்போச்சே 3,860. பிறகு ஃபெரிச்சே அல்லது திங்போச்சே, 4,300–4,400 வாக்கில், மறுபடி இரண்டு ராத்திரி. அதற்கு மேல் லோபுச்சே, கோரக் ஷெப். இதுவே விதியின் ஓரத்தில் நடக்கிற கணக்குதான். இதில் ஒரு நாளைக் கத்தரித்து “11 நாளில் முடித்துத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து, வகுப்பு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். காட்மாண்டுவில், நாம்சேயில், ஃபெரிச்சேயில் நடந்தால் நல்லது. 5,000 மீட்டரில் பவர்பாயின்ட் போடுகிறோம் என்றால், தலைவலியோடு உட்கார்ந்து யாக் சாணம் எரியும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த உயரத்தில் மூளைக்கு ஏறாது.

ஃபெரிச்சே பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1973-இல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் சிறிய மருத்துவ நிலையம் அங்கே இருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தன்னார்வ மருத்துவர்கள் வந்து தங்குகிறார்கள். சீசனில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் உயர்மலை நோய் பற்றி ஒரு பேச்சு, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இந்தத் துறையின் பெயர்பெற்ற ஆய்வுகளில் ஒன்று அந்த இடத்தில்தான் நடந்தது: பீட்டர் ஹாக்கெட்டும் உடன் பணியாற்றியவர்களும் ஃபெரிச்சே வழியாகப் போன 278 நடைப்பயணிகளைப் பார்த்து, பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்கு உயர்மலை நோய் இருந்ததாக 1976-இல் லான்செட்டில் எழுதினார்கள். அதைக் கட்டுரையாகப் படிப்பதற்கும், அதே இடத்தில் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மதிப்பெண் போட்டுப் பாருங்கள்: தலைவலி, வயிற்றுப் பிரட்டல், அசதி, கிறுகிறுப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. தலைவலி கட்டாயம் இருக்க வேண்டும், மொத்தம் 3 வந்தால் உயர்மலை நோய். இதுதான் லேக் லூயிஸ் மதிப்பெண். 2018 திருத்தத்தில் தூக்கம் பற்றிய கேள்வியை எடுத்துவிட்டார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை வைத்துக்கொண்டு “எனக்கு 84, உனக்கு எவ்வளவு?” என்று லாட்ஜ் முழுக்கப் போட்டி நடக்கும், அதைக் காதில் வாங்காதீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது.

நல்ல பயிற்சி என்றால் கையால் செய்கிற வேலை இருக்கும். லாட்ஜ் முற்றத்தில் பூட்ஸ் நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டவைத்து நடக்கச் சொல்வார்கள். அதில் தள்ளாடுகிறவருக்கு மூளையில் வீக்கம் என்றே எடுத்துக்கொண்டு, ராத்திரியானாலும் இறக்க வேண்டும். இன்னொன்று கேமோ பை: மனிதரை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை இழுத்து மூடி, கால் பம்பால் காற்றடிக்கிற நீளமான பை. உள்ளே அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும், ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியதற்குச் சமம். உப்பியதும் பம்பை நிறுத்திவிடக்கூடாது, உள்ளே கரியமில வாயு சேராமலிருக்க வெளியே ஒருவர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் ஒரு முறை உள்ளே படுத்து, ஒரு முறை வெளியே நின்று மிதித்துப் பாருங்கள். அந்த உயரத்தில் தொடர்ந்து மிதிப்பது சாதாரண வேலையில்லை.

மாத்திரை கேட்டிருக்கிறீர்கள். டயமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு, தடுப்புக்கு 125 மில்லிகிராம் காலை ஒன்று இரவு ஒன்று, அதாவது 250-ஐப் பாதியாக உடைத்து. விரல்நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், கோக் வாங்கிக் குடித்தால் சப்பென்று இருக்கும். மாத்திரை போட்டிருக்கிறோம் என்று பட்டியலை வேகப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். காட்மாண்டுவில் ஸ்வயம்புநாத் குரங்குகளிடம் பிஸ்கட்டை நீட்டாதீர்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போவது நல்லது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பெரியவர்கள் பயந்த ஆட்டுமூளை மருந்து 2004-உடன் ஒழிந்துவிட்டது, இப்போது கையில் போடுகிற ஊசிதான்.

கடைசியாக ஒன்று. விளம்பரத்தில் “வழியில் கிராமத்தில் ஒரு நாள் இலவச மருத்துவ முகாம்” என்று இருந்தால் எனக்குப் பிடிக்காது. நேபாள மெடிக்கல் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு இல்லாமல் வெளிநாட்டு டாக்டர் அங்கே வைத்தியம் பார்க்கக்கூடாது. அது தவிர, பிரஷருக்கு ஒரு வாரத்து மாத்திரை கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வருவது யாருக்கு உதவி?

ஒரு மருந்து கம்பெனி ரெப், “சார், நேபாள சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) ட்ரெக் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மேடமும் வரலாம்” என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? அந்த வகுப்பு சி.எம்.இ. மணிக்கணக்கில் சேருமா?
– பெயர் வேண்டாம், சேலம்

பெயர் வேண்டாம் என்று எழுதும்போதே உங்களுக்குப் பதில் தெரிந்துவிட்டது. 2009 டிசம்பரில் இந்திய மெடிக்கல் கவுன்சில் நெறிமுறையில் சேர்த்த பிரிவே போதும்: மருந்து கம்பெனியிடமிருந்து உள்நாடோ வெளிநாடோ, கருத்தரங்கோ சுற்றுலாவோ, தனக்கோ குடும்பத்துக்கோ பயணச் செலவு வாங்கக்கூடாது. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறை, கம்பெனிகள் இப்படிப்பட்ட நிகழ்ச்சியை வெளிநாட்டில் நடத்தவே கூடாது என்கிறது. மேடத்தை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

மணிக்கணக்கு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுக்கு 30 மணி சி.எம்.இ. வேண்டும் என்பது தெரிந்ததுதான். வெளிநாட்டு நடைப்பயண வகுப்பு அதில் சேருமா என்பதை நடத்துபவர் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாமல், கிளம்புவதற்கு முன் நம் மாநில கவுன்சிலிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

என் கணவர் டாக்டர். நான் தமிழாசிரியை. அவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது நான் லாட்ஜில் சும்மா இருக்க வேண்டியதுதானா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

டீச்சர், உண்மையைச் சொன்னால் உங்கள் பாடு யோகம்தான். நாம்சேயில் இரண்டு ராத்திரி தங்குவது உடம்பு பழகுவதற்காக. அந்த நடு நாள் சனிக்கிழமையாக அமைந்தால் வாரச்சந்தையைப் பாருங்கள். கீழ்க்கிராமங்களிலிருந்து அரிசியும் காய்கறியும் முதுகில் ஏறி வருகிற சந்தை. சுமையின் பட்டை நெற்றியில் மாட்டியிருக்கும், கையில் டி வடிவ ஊன்றுகோல், நிற்கும்போது கூடைக்கு அடியில் அதை முட்டுக்கொடுத்து நின்றபடியே இளைப்பாறுவார்கள். அவர்களை எல்லாம் ஷெர்பா என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் இல்லை. தாழ்வான மலைகளிலிருந்து வருகிற ராய், தமாங் மக்கள் நிறைய. ஷெர்பாக்களின் முன்னோர் சில நூறு ஆண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்துக்குப் பழகிய ரத்தம் அது. கீழ்மலைப் போர்ட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் வருகிற தலைவலிதான் அவருக்கும் வரும், ஆனால் சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று சொல்லமாட்டார். இந்த ஒரு விஷயத்தை உங்கள் கணவரின் வகுப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். போர்ட்டருக்குக் கம்பளி, காப்பீடு, தங்க இடம் இருக்கிறதா, உடம்பு சரியில்லாமல் இறங்கினால் கூடவே யார் போகிறார்கள் என்று நடத்துபவரிடம் கேளுங்கள். கிளம்பும் முன்பே கேட்க வேண்டும்.

நாம்சேக்கு மேலே கும்ஜுங், குந்தே என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். எட்மண்ட் ஹிலாரி 1961-இல் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் கும்ஜுங்கில், 1966-இல் கட்டிய ஆஸ்பத்திரி குந்தேயில். வருஷம் முழுக்க வைத்தியம் அங்கே நடக்கிறது. வாத்தியாருக்கும் வைத்தியருக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டியது இரண்டும் கிடைத்துவிடுகிறது.

தெங்போச்சே மடாலயம் 1916 வாக்கில் எழுந்தது, 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, கட்டி, 1989-இல் தீயில் எரிந்து, மறுபடி கட்டியது. அக்டோபர்–நவம்பரில் அங்கே மணி ரிம்து திருவிழா, துறவிகள் முகமூடி அணிந்து ஆடுவார்கள். தேதி திபெத்திய நாட்காட்டிப்படி மாறும் என்பதால், அதைக் கேட்டுக்கொண்டு பயணத்தைப் பொருத்துங்கள். வழியில் மந்திரம் செதுக்கிய கல்சுவர்கள் வரும், அவற்றை உங்கள் வலப்பக்கம் விட்டு, அதாவது நாம் கோயில் பிரகாரம் சுற்றுவது போலவே, போக வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், தால் பாத் என்றால் சோறு, பருப்பு, காய்தான், கேட்கக் கேட்கப் போடுவார்கள். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை முதல் மிடறிலேயே முகம் சுளிக்காமல் ரசம் என்று நினைத்துக் குடித்துப் பாருங்கள்.

எனக்கு 61. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை, ராத்திரி இன்சுலின். டாக்டர் மகள் இந்தப் பயணத்துக்குக் கூட வரச்சொல்கிறாள்.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு

ஐயா, இரண்டும் கட்டுக்குள் இருந்தால் வயது மட்டும் தடையில்லை. ஆனால் இதய மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் வீண், பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்பை ஒட்டி வையுங்கள், ராத்திரி தூங்கும் பைக்குள். குளிரிலும் உயரத்திலும் சர்க்கரை மீட்டர் பொய் சொல்லக்கூடும், அதையும் கதகதப்பாக வைத்துச் சோதியுங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் வகை மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் போன்றவை, சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை மேலே தொடரலாமா என்று கேட்டே ஆக வேண்டும்: நீர் வற்றிய உடம்பு, சாப்பாடு குறைவு, அதோடு அந்த மாத்திரை சேர்ந்தால் கீட்டோன் ஏறும் ஆபத்து உண்டு. நாம்சே வரை போய் அங்கேயே உட்கார்ந்து மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் ஒரு பயணம்தான், மகளிடம் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

நான் எம்.பி.பி.எஸ். கடைசி வருடம். பயண மருத்துவம் என்று தனியாகப் படிக்க வழி இருக்கிறதா? ட்ரெக் போனால்தான் முடியுமா?
– மாணவர், மதுரை

தம்பி, ட்ரெக் கட்டாயமில்லை. 1991-இல் தொடங்கிய சர்வதேச பயண மருத்துவச் சங்கம் ஒரு சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது, டாக்டர் மட்டுமில்லாமல் நர்ஸ், பார்மசிஸ்ட்டும் எழுதலாம். அறிவுக்குச் சான்று, தனி லைசென்ஸ் இல்லை. மலை மருத்துவத்துக்கு உலகம் முழுக்க ஒரே பாடத்திட்டத்தில் டிப்ளமோ உண்டு. நேபாளத்தில் மவுன்டன் மெடிசின் சொசைட்டி நடத்துகிறது. பெரு நாட்டின் லிமாவில் கயேட்டானோ எரேதியா பல்கலைக்கழகத்தில் நடக்கும் கோர்காஸ் வெப்பமண்டல மருத்துவப் படிப்பும் பெயர்பெற்றது, செலவும் அதற்கேற்றபடி.

லிமாவும் காட்மாண்டுவும் சேர்ந்த ஒரு கதை சொல்கிறேன், உனக்குப் பரீட்சையிலும் உதவும். 1980-களின் கடைசியில் காட்மாண்டுவின் சிவெக் கிளினிக்குக்கு வந்த வெளிநாட்டவர்களுக்கு மழைக்காலத்தை ஒட்டி வாரக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு. பசியில்லை, அசதி, எடை குறைகிறது, வழக்கமான மருந்து கேட்கவில்லை. மலத்தில் உருண்டையாக ஒன்று தெரிகிறது, என்னவென்று புரியவில்லை. பெருவிலும் அதே உருண்டையைப் பார்த்திருந்தார்கள், கடைசியில் அந்த லிமா பல்கலைக்கழகத்தின் பெயரையே ஒட்டி சைக்ளோஸ்போரா கயேட்டனென்சிஸ் என்று அந்த ஒட்டுண்ணிக்குப் பெயர் வைத்தார்கள். மருந்து கோட்ரைமாக்சசோல். தண்ணீரில் போடும் குளோரின், அயோடின் மாத்திரைக்கு அது அசையாது, கொதிக்கவைத்தால்தான் சாகும். மதுரையில் உட்கார்ந்திருக்கிற டாக்டரும், காட்மாண்டு போய் வந்தவர் மூன்று வாரமாக வயிறு சரியில்லை என்றால் இதைக் கேட்டுச் சோதிக்க வேண்டும். “போன மாதம் எங்கே போனீர்கள்?” என்ற கேள்வியை ஓ.பி.யில் ஒவ்வொரு காய்ச்சல்காரரிடமும் கேட்கப் பழகு, அதற்கு விமான டிக்கெட் தேவையில்லை.

நூலகத்தில் இன்னொன்று தேடிப் படி. 1962 போரின்போது சமவெளியிலிருந்து நேராக உயரத்துக்குக் கொண்டுபோன நம் ராணுவ வீரர்கள் 1,925 பேருக்கு வந்த உயர்மலை நோயை இந்தர் சிங் குழு 1969-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியது. இந்தத் துறையில் நம் நாட்டின் பங்கு சின்னதில்லை.

நேபாளம் வேண்டாம், ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ போகலாம் என்று எங்கள் மருத்துவக் குழுவில் பேச்சு. ஐந்து நாளில் உச்சி. என்ன சொல்கிறீர்கள்?
– டாக்டர், நாகர்கோவில்

அதே பட்டியலைப் போடுங்கள். மராங்கு வழியில் குடிசைகள் 2,720, 3,720, 4,720 மீட்டரில். ஒரு ராத்திரிக்கு ஆயிரம் மீட்டர்! மேலே சொன்ன 500-க்கு இரட்டிப்பு, அதற்கப்புறம் நடுராத்திரி எழுந்து 5,895-க்கு ஏறுகிறார்கள். டாக்டர்கள் கூட்டமாகப் போய் இதைச் செய்தால் நோயாளிக்கு என்ன வாயால் அறிவுரை சொல்வீர்கள்? லெமோஷோ வழியில் எட்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் கூடத்தான் ஆகும். மலையடிவாரத்தில் சாகா மக்களின் வாழைத்தோட்டங்கள், காப்பி, அவர்கள் தலைமுறைகளாக வெட்டிப் பராமரிக்கும் வாய்க்கால்கள் எல்லாம் பார்க்க ஒரு நாள் தனியாக வேண்டும், மலையிறங்கிய மறுநாளே விமானம் ஏறிவிடாதீர்கள்.

படிப்புக்கு அந்த ஊர் நேபாளத்தைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன், ஏனென்றால் அடிவாரத்தில் மலேரியா. மேலே 4,000 மீட்டரில் ஒருவர் தலைவலி, வாந்தி, சோர்வு என்றால் உயர்மலை நோயா, பத்துப் பதினைந்து நாள் முன்பு வேறு ஊரில் கடித்த கொசுவா? காய்ச்சல் பார்க்காமல் விடக்கூடாது, தடுப்பு மாத்திரையை ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள் வரை விழுங்க வேண்டும்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகத்தான் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வருபவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016-இல் விதி மாறியது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமி ஊசி என்பதால் குழுவில் 60 தாண்டியவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், எதிர்ப்புச்சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் முதலில் டாக்டரிடம் பேசட்டும். டாக்டரே ஆனாலும் இன்னொரு டாக்டரிடம். மஞ்சள் அட்டையைக் கைப்பையில் வையுங்கள். திரும்பி வரும்போது ஹெல்த் கவுன்ட்டர் முதலில் வரும், பெட்டி வருவது அதற்கப்புறம்தான்.